ஐஸ் பெட்டிக் கடையின் பொங்கல் வாழ்த்து

புளியங்கரையில் புத்திசாலிகள் இல்லாமல் இல்லை. அவர்கள் எல்லாரும் வேறு வேலையாக இருந்ததால், 'நித்திரை ஐஸ் பெட்டி சர்வீஸ்' என்ற நிறுவனத்தை நடத்துகிற பொறுப்பு தணிகாசலத்தின் தலையில் வந்து விடிந்தது.

ஐஸ் பெட்டி என்றதும் சேமியா ஐஸ் ஞாபகம் வந்தால் அதை மறந்துவிடுங்கள். சாவு விழுந்த வீட்டில், வெளிநாட்டு மகன் வந்து சேரும் வரை உடம்பு கெடாமல் இருக்க, கண்ணாடி மூடி போட்டு ஒயரைச் சொருகி வைப்பார்களே, அந்தப் பெட்டி. தணிகாசலத்திடம் இரண்டு இருந்தன. அவற்றை ஏற்றி இறக்க ஒரு வேன் இருந்தது. மூன்று பேர் வேலை பார்த்தார்கள்.

வேன் ஓட்டுவது சவுரிமுத்து. அவனிடம் "பாத்துப் போடா" என்று சொன்னால், தெருமுனை வரைக்கும் தணிகாசலத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுவான். போன் எடுப்பது தமயந்தி. "யார் கேட்டாலும் நான் இல்லன்னு சொல்லும்மா" என்று என்றைக்கோ ஒருநாள் தணிகாசலம் சொல்லியிருந்தார். அதிலிருந்து அவரே வெளியூரிலிருந்து கூப்பிட்டாலும், "மொதலாளி இல்லீங்க" என்பாள். அவரும் "சரிம்மா, வந்தா நான் கூப்பிட்டேன்னு சொல்லு" என்று வைத்துவிடுவார். மூன்றாவது ஆள் அறிவழகன், மேனேஜர். தணிகாசலத்தின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. அவனைப் பற்றிக் குறை சொன்னால் ராத்திரி சோறு ஆறிப் போய் வரும் என்பதால் தணிகாசலம் சொல்வதில்லை.

தணிகாசலத்துக்கு மனதில் ஒரு நெடுநாள் வருத்தம் உண்டு. இழவு வீட்டில் யாரும் யாரையும் "வாங்க" என்று கூப்பிடுவதில்லை. கிளம்புகிறவர்களும் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்வதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து நடக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் தணிகாசலம் போகிற வீடெல்லாம் அந்த வீடுதான். தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து வாடிக்கையாளர் யாரும் அவரை வாங்க என்று சொன்னதில்லை, போய்ட்டு வர்றேன் என்றும் சொன்னதில்லை. எதிர்க்கடை பரோட்டா மாஸ்டரிடம் தினமும் இருநூறு பேர் சொல்லிவிட்டுப் போவதைப் பார்க்கும்போது அவருக்கு வயிறு எரியும்.

அந்த வருத்தத்தை மறக்கடிக்க ஒரு பெரிய வருத்தம் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் 'அமைதிப் பூங்கா' என்று புதிதாக ஒரு ஐஸ் பெட்டிக் கடை திறந்தார்கள். பெட்டியைச் சுற்றி நீலமும் பச்சையுமாக சீரியல் லைட் ஓடும். ஜனங்கள் பெட்டியைப் பார்க்கவே துக்கம் விசாரிக்கப் போனார்கள்.

ரைஸ்மில் வேலாயுதம் ஆவணியிலிருந்து படுத்த படுக்கை. தொண்ணூறைத் தாண்டிய மனிதர். ஊரிலேயே உயரமானவர், நிமிர்ந்து நின்றால் மில் வாசல்நிலை இடிக்கும். அவர் போனால் மூன்று தாலுகா ஆட்கள் வந்து நிற்பார்கள். அத்தனை பேர் கண்ணும் பெட்டி மேல்தான் இருக்கும். பெட்டியில் எழுதியிருக்கிற பேர் மேல் இருக்கும். அந்தப் பேர் நித்திரையாக இருந்தால் தணிகாசலம் பிழைப்பார். அமைதிப் பூங்காவாக இருந்தால் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். ஆகவே ஊரே அந்தக் கிழவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, தணிகாசலம் மட்டும் அவர் நல்ல பெட்டியில் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தொழில்.

மார்கழி பாதியில் அறிவழகன் திருச்சிக்குப் போய் 'வணிகத்தில் வெற்றி' என்ற பயிற்சி முகாமில் உட்கார்ந்துவிட்டு வந்தான். மத்தியானச் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்ததால் போனான். திரும்பி வரும்போது கழுத்தில் டை இருந்தது.

"மாமா, தொழில் ரகசியமே மூணுதான்" என்றான். "ஒண்ணு, வாடிக்கையாளருக்குப் பண்டிகை தவறாம வாழ்த்து அட்டை அனுப்பணும். ரெண்டு, ஒருவாட்டி வந்தவங்க மறுபடி மறுபடி வரணும். மூணு, ஒரு வாடிக்கையாளர்கூட நம்மள விட்டுப் போகக் கூடாது."

சவுரிமுத்து மூன்றையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

"நம்ம வாடிக்கையாளர் எல்லாருமே விட்டுப் போனவங்கதானே?" என்றான் சவுரிமுத்து.

"போஸ்டர்லயே போடறாங்களே" என்றாள் தமயந்தி. "எங்களை ஆறாத்துயரில் விட்டுச் சென்றார்னு."

அறிவழகன் டையைத் தளர்த்திக்கொண்டு யோசித்தான். "அது குடும்பத்த விட்டுப் போனது. நித்திரை ஐஸ் பெட்டிய விட்டுப் போனார்னு எவனாச்சும் போஸ்டர் அடிச்சிருக்கானா?"

யாரும் அடித்ததில்லை. எல்லாருக்கும் மூச்சு வந்தது.

"வாழ்த்து அட்டை அவசியந்தானா மாப்ளே?" என்றார் தணிகாசலம். "நாம செய்யற தொழில் அப்படி."

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? நகைக்கடைக்காரன் எனக்குப் பொறந்தநாள் வாழ்த்து அனுப்பறான். அவன் என் மூஞ்சியப் பாத்ததில்ல. பேங்க்காரன் தீபாவளி வாழ்த்து அனுப்பறான், அடுத்த வாரமே ஜப்தி நோட்டீசும் அனுப்பறான், ரெண்டுலயும் 'அன்புள்ள'ன்னுதான் ஆரம்பிக்கறான். அன்புங்கறது அதுதான் மாமா. ஆளத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல."

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அச்சகத்தில் கரும்பும் பானையும் ஜோடி மாடும் போட்ட பொங்கல் அட்டை ஒரு கட்டு வாங்கி வரச் சொன்னார்.

அட்டை வந்ததும் முதல் கேள்வி எழுந்தது. வாடிக்கையாளர் என்பவர் யார்?

"பெட்டி வேணும்னு கேட்டு வர்றவங்க" என்றாள் தமயந்தி.

"அப்படியா? ஓட்டல்ல நான் சாப்பிடறேன், மாமா பில்லு குடுக்கறாரு. வாடிக்கையாளர் யாரு?" என்றான் அறிவழகன்.

"நீங்கதான். உங்களத்தான் அவங்க 'என்ன சாப்பிடறீங்க'ன்னு கேட்டாங்க" என்றான் சவுரிமுத்து.

"அதேதான். பெட்டிக்குள்ள படுத்தது யாரோ அவங்கதான் வாடிக்கையாளர். வெளிய நின்னு அழுதவங்க இல்ல."

ஆள் யார் என்பது முடிவாயிற்று. விலாசம்தான் பிரச்சினை. "கடைசியா அவங்கள எங்க கொண்டுபோய் விட்டோமோ அதுதான் விலாசம்" என்று தணிகாசலமே தீர்த்து வைத்தார். ஒரு சிக்கலான விஷயத்தைத் தானே அவிழ்த்துவிட்ட பெருமையில் அன்றைக்கு இரண்டு டீ குடித்தார்.

சவுரிமுத்து அட்டைகளை எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனான். சாயங்காலம் முகம் வாடித் திரும்பினான்.

"என்னடா?"

"எரிச்சவங்களுக்கு அங்க எடமே குடுக்கல மொதலாளி. ஒருத்தர் பேரும் இல்ல. பொதச்சவங்களுக்கு மட்டும் தலமாட்டுல வச்சிட்டு வந்தேன்."

"ஒருத்தராவது வாங்கிட்டேன்னு ஏதாச்சும்..."

"நின்னு பாத்தேன். மரியாதை தெரியாதவங்க மொதலாளி. ஆடுதான் வந்து தின்னுச்சு."

சுடுகாட்டுக் காவலாளி பின்னாலேயே வந்து, இனிமேல் அட்டை போடுவதாக இருந்தால் சூரியன் இருக்கும்போது வந்து போடும்படியும், அட்டையில் மையைக் குறைத்து அடிக்கும்படியும் கேட்டுக்கொண்டு போனார். ஆடு அவருடையது; இருட்டினால் கட்டிவிடுவார்.

இது நல்ல வரவேற்பு என்று சொல்ல முடியாது. ஆகவே அழுதவர்களுக்கே அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். வாசகத்தை அறிவழகன் எழுதினான். அதில் அவன் பெற்ற பயிற்சி தெரிந்தது:

'அன்புள்ள வாடிக்கையாளருக்கு, பொங்கலோ பொங்கல். சென்ற ஆண்டு தாங்கள் எங்களுக்கு அளித்த நல்வாய்ப்புக்கு நன்றி. இந்த ஆண்டும் அதுபோன்ற வாய்ப்புகளை மேலும் மேலும் அளித்து ஆதரிக்க வேண்டுகிறோம். தங்கள் இல்லத்தில் இன்பம் பொங்குக. இங்ஙனம், நித்திரை.'

பொங்கலுக்கு முந்தைய நாள், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஏகாம்பரம் அட்டையோடு கடைக்கு வந்தார். புரட்டாசியில் மனைவியைப் பறிகொடுத்தவர். கோபப்படத் தெரியாத மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வீட்ல இப்ப மிச்சம் இருக்கறது நானும் என் பொண்ணும்" என்றார். "இந்த வருஷம் யார நீங்க எதிர்பாக்கறீங்க?"

"அது உங்க வசதி சார்" என்றான் அறிவழகன் பணிவாக. "நாங்க வற்புறுத்த மாட்டோம்."

வாத்தியார் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு காலத்தில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தப்பு எங்கே நடந்தது என்று யோசிக்கிறவர் போல இருந்தது.

"சாவு விழுந்த வீட்ல ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கெடையாது" என்றார் கடைசியில். "பொங்கப் பானை வைக்க மாட்டோம். அந்த வீட்டுக்குப் போய் பொங்கலோ பொங்கல்னு எழுதி அனுப்பறீங்களே. இந்தத் தொழில்லயே இருந்துக்கிட்டு, இதுகூடவா தெரியாது?"

எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போனார்.

"பாத்தீங்களா, இவரும் சொல்லாமத்தான் போறாரு" என்றார் தணிகாசலம். அவருக்கு அதுதான் உறைத்தது.

அறிவழகனுக்கு வேறொன்று உறைத்தது. "மாமா, வாத்தியார் நமக்குப் பெரிய உபகாரம் பண்ணிட்டாரு. நம்மகிட்ட பெட்டி எடுத்த வீட்ல பண்டிகை இல்ல. அப்ப பண்டிகை எங்க இருக்கு? நம்மகிட்ட இன்னும் பெட்டி எடுக்காத வீட்ல. வாழ்த்து அனுப்ப வேண்டியது அங்கதான். நாம இத்தன நாளும் முடிஞ்சுபோன வாடிக்கையாளர் பின்னாடி அலைஞ்சிருக்கோம். வரப்போறவங்கள விட்டுட்டோம்."

நால்வர் மனதிலும் ஒரே நேரத்தில் ஒரே பெயர் வந்தது. அந்தக் கடையில் நாலு பேரும் ஒரே விஷயத்தை நினைத்தது அதுதான் முதல் தடவை.

"கைப்பட எழுதணும்" என்றான் அறிவழகன். "அப்பத்தான் மனசத் தொடும்."

தணிகாசலமே எழுதினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, அடித்துத் திருத்தி, கடைசியில் இப்படி வந்தது:

'ரைஸ்மில் ஐயா அவர்களுக்கு, பொங்கல் வாழ்த்துகள். தங்களுக்காக ஒரு பெட்டியை யாருக்கும் கொடுக்காமல் துடைத்து வைத்திருக்கிறோம். தாங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அவசரமில்லை. ஆனால் வேறு எங்கும் போய்விட வேண்டாம். தங்கள் வரவை எதிர்நோக்கும், தணிகாசலம்.'

பொங்கலன்று காலையில் சவுரிமுத்து கொண்டுபோய்க் கொடுத்தான். "கையில குடு" என்று சொல்லியிருந்ததால், தூங்கிக்கொண்டிருந்தவரின் விரல்களைப் பிரித்து, அட்டையைச் சொருகி, மறுபடி மடக்கிவிட்டு வந்தான்.

மாட்டுப் பொங்கலன்று கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பரோட்டா மாஸ்டர் கையில் மாவோடு வெளியே வந்து நின்றார். ரைஸ்மில் வேலாயுதம் நடந்து வந்துகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் அட்டையோடு. பின்னால் அவர் மகன் தெய்வசிகாமணி, "அப்பா, டாக்டர் எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, அப்பா" என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்தார்.

தமயந்தி எட்டிப் பார்த்தாள். "மொதலாளி, வாடிக்கையாளர் நேர்லயே வந்துட்டாரு."

"வேன் அனுப்பியிருப்போமே" என்றார் தணிகாசலம் பதறி.

கிழவர் குனிந்து உள்ளே வந்தார். "எவன்டா தணிகாசலம்?"

"மொதலாளி இல்லீங்க" என்றாள் தமயந்தி.

"நான்தாங்க ஐயா" என்றார் தணிகாசலம், அவள் பக்கத்திலிருந்தே. "வாங்க, வாங்க."

சொன்ன பிறகுதான், ஒரு வாடிக்கையாளரை வாங்க என்று சொல்லிவிட்டது அவருக்கே தெரிந்தது.

"என்னைப் பொணம்னு நெனச்சு எழுதினியா?"

"இல்லீங்க ஐயா. பொணத்துக்கு எழுதிப் பாத்தோம். பதில் வரல."

கிழவர் திட்டுவதற்காகத்தான் வந்தார். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் ஆவணியிலிருந்து அவரிடம் யாரும் உண்மையைப் பேசியதில்லை. மகன், மருமகள், டாக்டர் எல்லாரும் "நல்லாயிடுவீங்க" என்றே சொல்லி அவரைப் பாதி கொன்றிருந்தார்கள். இங்கே ஒருத்தன் முகத்துக்கு நேரே சொல்கிறான். அடுக்கியது கலைந்துவிட்டது.

"எங்க அந்தப் பெட்டி?" என்றார்.

காட்டினார்கள். மாடு வாங்கப் போனவர் போல அதைச் சுற்றி வந்தார். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு மகன் "ஐயோ அப்பா" என்று சொல்வதற்குள் ஏறிப் படுத்தேவிட்டார். கணுக்காலுக்குக் கீழே பாதம் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது.

"கால் பத்தலயே."

"மடக்கிக்கலாங்க ஐயா" என்றான் சவுரிமுத்து.

"தொண்ணூறு வருஷமா காலை நீட்டிப் படுத்தவன்டா. போற நேரத்துல மடக்கச் சொல்றியா?" எழுந்து வேட்டியை உதறினார். "இதுல நான் வர மாட்டேன். நீளமா ஒண்ணு செய்யி. அதுவரைக்கும் நான் சாகறதா இல்ல."

அவர் போன பிறகு தணிகாசலம் இடிந்துபோய் உட்கார்ந்தார். இதற்குள் அமைதிப் பூங்காவுக்கு விஷயம் தெரிந்துவிடும். அவர்கள் பெட்டி நீளம் என்று ஊருக்கே தெரியும். உடனே நீளப் பெட்டிக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். அறிவழகன் கையைப் பிடித்தான்.

"அவசரப்படாதீங்க மாமா. பெட்டி வந்தா அவரு நம்மள விட்டுப் போயிடுவாரு. மூணாவது விதி என்னாச்சு?"

"வரலன்னா அமைதிப் பூங்காவுக்குப் போயிடுவாரே?"

"அப்பவும் நம்மள விட்டுத்தான் போறாரு" என்றான் சவுரிமுத்து.

பெட்டி செய்தாலும் போவார், செய்யாவிட்டாலும் போவார். இப்படியொரு சிக்கலைத் திருச்சியில் சொல்லிக்கொடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லியிருப்பார்கள், நான் தூங்கிவிட்டேன் என்று அறிவழகன் ஒப்புக்கொண்டான்.

தணிகாசலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து மில்லுக்கே போனார். கிழவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூட்டை ஏற்றுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அமைதிப் பூங்காவுல..."

"போய்ப் பாத்தேன். படுத்தும் பாத்தேன். அளவு எடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. லைட் வேற சுத்துது."

தணிகாசலம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப அங்கதானா ஐயா?"

"அதெப்படிடா அங்க போவேன்?" என்றார் கிழவர் கோபமாக. "அவன் எனக்கு ஒரு கார்டு போட்டானா? ஒரு வார்த்தை வாங்கன்னு எழுதினானா? பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கே நான் போனவன் இல்ல. கூப்பிடாத பெட்டில போய்ப் படுப்பேனா?"

தணிகாசலம் அங்கேயே அழுதுவிட்டார். மூட்டை தூக்குகிறவர்கள், பாவம் கடன் கேட்டு வந்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

கூப்பிட்ட இடத்தில் கால் பத்தவில்லை. கால் பத்துகிற இடத்தில் கூப்பிடவில்லை. நடுவில் கிழவர் ஜோராக நடமாடினார். தினமும் காலையில் மில்லுக்குப் போகிற வழியில் கடையில் ஏறி, "என்னடா, வந்துச்சா?" என்று கேட்பார். டீ குடிப்பார். தமயந்தியிடம் "மொதலாளி இருக்கானா?" என்பார். அவள் இல்லை என்பாள். தணிகாசலத்தோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார்.

அமைதிப் பூங்கா சித்திரைக்கு வாழ்த்து அனுப்பிவிடும் என்ற பயம் தணிகாசலத்தை அரித்தது. மூன்றாவது விதி எப்படியும் போகட்டும் என்று நீளப் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தார். கோயம்புத்தூரிலிருந்து அளவு எடுக்க ஆள் வந்தான். கிழவரே வந்து சுவரோரமாக நிமிர்ந்து நின்றார். வந்தவன் உச்சந்தலையிலிருந்து டேப்பைப் பிடித்தான்.

"கொஞ்சம் தாராளமா விட்டே அடிங்க" என்றான் சவுரிமுத்து. அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பையன்கள் இரண்டு பேர் உண்டு. "வளர்ற உடம்பு."

கிழவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். "இவன்தான்டா விவரமான ஆளு."

பெட்டி பங்குனி முடிவில் வந்தது. வாசலில் மாவிலை கட்டி, கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். கிழவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகனோடு வந்தார். பரோட்டா மாஸ்டரும் மற்றவர்களும் வாசலில் கூடி நின்றார்கள். தணிகாசலம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

கிழவர் ஏறிப் படுத்தார். காலை நீட்டினார். கையைப் பக்கத்தில் வைத்தார். கண்ணை மூடினார். வாசலில் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு கண்ணைத் திறந்து கால்மாட்டைப் பார்த்தார். பாதத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு முழம் காலியாக இருந்தது.

"தணிகாசலம்."

"ஐயா."

"இது எனக்குப் பெரிசுடா."

"வளர்றதுக்கு விட்டதுங்க ஐயா" என்றான் சவுரிமுத்து.

"அதுவும் சரிதான். அப்ப வளந்ததும் வர்றேன்." எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினார். தெருவில் இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்து, "போய்ட்டு வர்றேன்டா" என்றார்.

தணிகாசலம் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்தார். "கேட்டியா மாப்ளே? போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போறாரு."

"கேட்டேன் மாமா. மறுபடி வரணுங்கற ரெண்டாவது விதி முடிஞ்சுது. நம்மள விட்டும் போகல, மூணாவதும் முடிஞ்சுது." அறிவழகன் டையைச் சரிசெய்துகொண்டு மேசை இழுப்பறையிலிருந்து சித்திரை வாழ்த்து அட்டை ஒன்றை எடுத்தான். "அமைதிப் பூங்காக்காரன் எழுதறதுக்கு முந்தி நாம எழுதிடணும். என்ன எழுதலாம், சொல்லுங்க."

தணிகாசலம் கால்மாட்டில் இருந்த அந்த ஒரு முழத்தைப் பார்த்து ரொம்ப நேரம் யோசித்தார்.

"எல்லாரும் எழுதறதுதான் மாப்ளே" என்றார். "மென்மேலும் வளர வாழ்த்துகிறோம்."